சாகா வரம்

வா மாப்ளே, உக்காரு. அந்த நாற்காலி வேணாம், கால் ஒண்ணு ஆடும். ஒரு ஆணி அடிச்சா சரியாயிரும். நாலு வருசமா அடிக்கணும்னுதான் இருக்கேன்.

எங்கக்கா நேத்து ராத்திரி போன் போட்டு அழுதா. என்னமோ ஏதோன்னு பதறிட்டேன். "தம்பி, இவன் அவங்கப்பா காரை எடுத்து ஓட்டப் போறானாம்டா"ன்னா. எந்தக் கார்னு கேட்டேன். "கொட்டாய்ல நிக்குதே, அந்தச் சாகா"ன்னா. சரி, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எடுத்துட்டுப் போவான் போலன்னு நினைச்சேன். இல்லையாம். தினமும் பெண்டாங்லேருந்து அலோர் ஸ்டாருக்கு வேலைக்குப் போக, வரவாம். அதைக் கேட்டு நானும் கொஞ்ச நேரம் அழுதேன், அவளுக்குத் துணையா இருக்கட்டுமேன்னு.

நல்ல முடிவு மாப்ளே. உன் வயசுப் பசங்கள்லாம் பேங்குல ஒன்பது வருசக் கடன் போட்டு மைவி எடுக்கறானுங்க. ஒன்பது வருசம்! இன்னைக்கு ஒரு புள்ள பொறந்தா, அது தமிழ்ப்பள்ளியில மூணாம் ஆண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கற வரைக்கும் மாசாமாசம் கட்டணும். நீ விவரமானவன். கடனே வேணாம்னுட்டு, அதே காசைக் கொண்டுபோய் கார் ரிப்பேர் பண்ற போமேன் கையில கொடுக்கப் போற. ஒரு வகையில அதுவும் சரிதான். பேங்குக்காரன் உனக்கு தே தாரிக் வாங்கித் தருவானா? போமேன் தருவான். உன் காசுலதான், இருந்தாலும் தருவான்.

அந்தக் காருக்குச் சாகான்னு யார் பேர் வச்சா தெரியுமா? நாட்டோட முதல் காருக்குப் பேர் வைக்கப் போட்டி நடத்தினாங்க. இஸ்மாயில் ஜாபார்னு ஒரு முன்னாள் ராணுவத்துக்காரர் ஜெயிச்சாரு. மலாய்க்காரங்க சாகான்னு சொல்றது ஒரு விதையை. செக்கச்செவேல்னு, கெட்டியா, பளபளன்னு இருக்குமே, நீ சின்னப் புள்ளையில பொறுக்கி மூக்குல விட்டுக்கிட்டியே, அதேதான். நம்ம ஆளுங்க ஆனைக்குன்றிமணிம்பாங்க, மஞ்சாடிம்பாங்க. தட்டான் பொன் நிறுக்கற மஞ்சாடி. ரெண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடின்னு கணக்கு. அதைப் பேரா வச்ச வண்டி பொன்னைத்தான் எடை போடும், பார்த்துக்கோ. அவங்க விதையை நினைச்சு வச்ச பேரு தமிழன் காதுல வேற மாதிரி விழுந்துச்சு. சாகாதுன்னு நம்பி வாங்கினவன்ல உங்கப்பன் ஒருத்தன்.

1985 ஜூலை 9ஆம் தேதி அந்தக் காரை வெளியே விட்டாங்க. அப்போ பிரதமரு மகாதீர், நம்ம அலோர் ஸ்டார்ல பொறந்தவரு. அதே வருசம் பினாங்குப் பாலம் திறந்தப்போ சிவப்புச் சாகாவுல கொடி கட்டிப் பாலத்து மேல போனாரு. ஷா ஆலாம்ல செஞ்சாலும் வண்டியோட அப்பன் ஆத்தா ஜப்பான்தான். மித்சுபிஷி லான்சர் ஃபியோரேன்னு ஒரு வண்டி, அதுக்குத்தான் இங்க மூக்கும் முழியும் கொஞ்சம் மாத்தினாங்க. என்ஜினும் மித்சுபிஷியோடது. அதைச் சொன்னா உங்கப்பனுக்குக் கோபம் வரும். "மச்சான், உன் தாத்தன் கூட சேலத்துலேருந்துதான் வந்தான், அதுக்காக நீ மலேசியாக்காரன் இல்லையா"ன்னு கேப்பான். பதில் சொல்ல முடியாது.

தோட்டத்துல கார்னா தொரை வச்சிருப்பாரு, கிராணி ஒரு பழைய மோரிஸ் மைனர் வச்சிருப்பாரு. நமக்கு சைக்கிள். கொஞ்சம் முன்னேறினவனுக்கு ஹோண்டா கப்பு, அதுல புருசன், பொண்டாட்டி, நடுவுல ரெண்டு புள்ள, முன்னால ஒட்டுப்பால் மூட்டை. அப்படிப்பட்ட லயத்துக்குள்ள 1991ல உங்கப்பன் அந்தச் சிவப்புச் சாகாவை ஓட்டிக்கிட்டு வந்தான். நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினோம். கண்ணாடியில சந்தனம் பூசினது அதிகமாப் போயி, முதல் நாளே ரோடு தெரியாம ஒரு வாழை மரத்தைச் சாய்ச்சான். குலை தள்ளின மரம். அதுக்கு நஷ்டஈடா கட்டினதுதான் அந்தக் காருக்கு அவன் செஞ்ச முதல் செலவு. கடைசிச் செலவை நீ செய்யப் போறே.

ஆனைய வாங்கினவன் அங்குசத்துக்கு அழுதானாம். உனக்கு ஆனை சும்மா வந்திருக்கு. அங்குசத்துக்கு என்ன விலைன்னு விசாரிக்காம இறங்காதே.

முதல்ல நீ செய்யப் போற தப்பை நானே சொல்லிடறேன், உனக்கு நேரம் மிச்சம். நேரா சுங்கை பட்டாணி போயி ஸ்போர்ட் ரிம்மு வாங்குவே. அப்புறம் பின்னால அண்டா சைசுல ஒரு எக்ஸாஸ்ட்டு. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம், உள்ள யார் இருக்கான்னு தெரியாத அளவுக்கு. பெயிண்ட் அடிச்சு, ராத்திரி பசார் மாலாம்ல நிறுத்தி, நாலு பேர் சுத்தி நின்னு பார்க்கறப்போ பெருமையா சாவியைச் சுழட்டுவே. திரும்ப ஸ்டார்ட் பண்ணினா, பானட்லேருந்து புகை வரும். கும்பல் இன்னும் பெருசாகும்.

இப்போ காதைக் கொடு. நான் போமேன் இல்ல. முப்பது வருசம் பால்மரம் வெட்டினவன். அதனாலதான் பழைய காரைப் பத்திச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கு. பழைய கார் இரும்பால சாகறதில்ல மாப்ளே, ரப்பரால சாகுது. என்ஜின் கட்டை வார்ப்பிரும்பு, அது உன் பேரன் காலத்துக்கும் கிடக்கும். ஆனா அந்த என்ஜின் உக்கார்ந்திருக்கற மவுண்டிங் ரப்பர். தண்ணி ஓடற ஹோஸ் ரப்பர். முன் சக்கரத்து ஆர்ம்ல புஷ்ஷு ரப்பர். டிரைவ் ஷாஃப்ட்டுக்கு உறை ரப்பர். பிரேக் பம்ப்புக்குள்ள ஒரு சின்னத் தொப்பி, அதுவும் ரப்பர். கதவு ஓரத்துல மழைத் தண்ணியைத் தடுக்கறதும் ரப்பர். இதுல பாதிக்கு மேல இப்போ மரத்துல வடியற பால் இல்ல, எண்ணெய்லேருந்து செய்யற செயற்கை ரப்பர். இருந்தாலும் குணம் ஒண்ணுதான். வெயில்லயும் காத்துலயும் கிடந்தா விறைக்கும், வெடிக்கும். எண்ணெய் பட்டா பல ரப்பர் ஊதிப்போகும். ஓட்டினாலும் தேயும், ஓட்டாம நிறுத்தினாலும் கெடும். ரெண்டாவதுதான் நிறைய பேருக்குத் தெரியாது. உங்கப்பன் போய்ச் சேர்ந்து ஆறு வருசமா கார் சும்மாதானே நின்னுச்சு, புதுசு மாதிரி இருக்கும்னு நீ நினைக்கறே. சும்மா நின்ன மனுசனுக்கே முட்டி பிடிச்சுக்குது.

அமெரிக்காவுல சார்ல்ஸ் குட்இயர்னு ஒருத்தர் இருந்தாரு. 1839ல ரப்பரையும் கந்தகத்தையும் கலந்து சூடு காட்டினா வெயில்ல இளகாது, குளிர்ல விறைக்காதுன்னு கண்டுபிடிச்சது அவருதான். அது இல்லேன்னா டயரும் இல்ல, தோட்டமும் இல்ல, நம்ம தாத்தனுங்க கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்திருக்கவும் மாட்டானுங்க. அவ்வளவு பெரிய மனுசன் கடன்லதான் செத்தாரு. ரப்பரைத் தொட்டவன் கதை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

அதனால ரிம்மை மறந்துட்டு ஒரு டார்ச்சு லைட்டோட காருக்கு அடியில படு. விரலால ஒவ்வொரு ரப்பரையும் அழுத்து. சப்பாத்தி மாவு மாதிரி அமுங்கினாலும் தப்பு, அப்பளம் மாதிரி நொறுங்கினாலும் தப்பு. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும். 2319னு இருந்தா 2019ஆம் வருசத்து 23ஆவது வாரத்துல செஞ்சதுன்னு அர்த்தம். உங்கப்பன் டயர்ல பூ தேயாம நல்லா இருக்குன்னு எங்கக்கா சொல்றா. பூ இருக்கும், ஆறு வருசமா ஓடலியே. நம்பரைப் பாரு. அது டயரோட வயசைச் சொல்லும். பூ இருக்கேன்னு ஓட்டினா ஹைவேயில தாலாட்டு இல்லாமலே தூங்கிருவே.

டைமிங் பெல்ட் இன்னும் மோசம். அது உள்ள மறைஞ்சு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் போடாது. என்ஜின்ல மேல இருக்கற வால்வும் கீழ இருக்கற பிஸ்டனும் ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்காம மாறி மாறி வரணும்னு தாளம் போடறது அந்தப் பெல்ட்டுதான். தவில்காரன் பாதிக் கச்சேரியில எழுந்து போனா நாதஸ்வரம் என்னாகும்? அறுந்த இடத்துல வண்டி நிக்கும். வால்வு வளைஞ்சிருந்தா, பெல்ட் காசைப் போல பல மடங்கு செலவு. உங்கப்பன் எப்போ மாத்தினான்னு யாருக்கும் தெரியாதா? அப்போ மாத்தலேன்னு வச்சுக்கோ. கூடவே தண்ணி பம்ப்பையும் மாத்திரு. அதுக்கும் இதுக்கும் கழட்டற வேலை பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு தடவை கூலி கொடுக்கற அளவுக்கு நீ இன்னும் பணக்காரன் ஆகல.

அடுத்தது சூடு. கெடாவுல பிப்ரவரி வெயில் உனக்குத் தெரியும். வயல் வெடிச்சுக் கிடக்கும், குனோங் ஜெராய் புகைக்குள்ள மறைஞ்சிரும். அந்த வெயில்ல சாகா நின்னா, முக்கால்வாசி ரேடியேட்டர் வேலைதான். நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க, தோட்டத்து அல்லூர்த் தண்ணியை மொண்டு ஊத்துவாங்க. உள்ள துருவும் சேறும் சேர்ந்து நெஞ்சடைப்பு வந்தவன் மாதிரி ஆயிரும். காலையில என்ஜின் குளிர்ந்திருக்கறப்போ எண்ணெய் ஊத்தற மூடியைத் திறந்து பாரு. அடியில தே தாரிக் நிறத்துல நுரை இருந்தா குடிச்சிடாதே. தண்ணி எண்ணெயோட கலந்துருச்சு, ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சும்மா நின்ன வண்டியில ஈரம் கட்டியும் கொஞ்சம் நுரை வரும். அதனால உடனே தலையில கை வச்சு உக்காராதே. கூலண்ட் மாத்தி, ஒரு வாரம் ஓட்டி, தண்ணி குறையுதான்னு பாரு.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிடு தம்பி, சூடே ஏறாதுன்னு யாராவது சொல்லுவான். சொன்னவன் பேரை மனசுல வச்சுக்கோ, அவன்கிட்ட வேற எதுக்கும் யோசனை கேக்காதே. என்ஜினுக்குச் சூடும் வேணும், அளவாத்தான் வேணும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி காய்ச்சல் இல்லைன்னு காட்டும், ஆனா பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். 2025 செப்டம்பர் 30லேருந்து மைகார்டு காட்டினா லிட்டர் ஒரு வெள்ளி தொண்ணூத்தொன்பது காசுன்னு கொடுக்க ஆரம்பிச்சாங்க. அந்தச் சலுகையை உன் கார்புரேட்டர் குடிக்கறதுக்குக் கொடுக்கல.

ஏர்கோன் வேணுமா? அந்தக் காலத்து வண்டியில ஆர் 12னு ஒரு கேஸ். ஓசோனை ஓட்டை போடுதுன்னு உலகமே சேர்ந்து அதை நிறுத்திருச்சு. வேற கேஸுக்கு மாத்தணும், அதுக்கு உள்ள இருக்கற ரப்பர் வளையம்லாம் மாத்தணும். பார்த்தியா, மறுபடியும் ரப்பர்தான். முடியலேன்னா கண்ணாடியை இறக்கிட்டு ஓட்டு. கைப்பிடி சுத்தற கண்ணாடிதானே, சுத்தினா இறங்கும், சுத்தினா ஏறும். அதுல ஒரு பிடி உடைஞ்சு போயிருக்குன்னு உங்கம்மா சொன்னா. அதைப் பத்தி அப்புறம் பேசலாம்.

2010 நவம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டே. அலோர் ஸ்டார் விமான ஓடுபாதையே தண்ணிக்குள்ள போச்சு, ஹைவேயையும் மூடினாங்க. அப்போ உங்கப்பன் காருக்கு முட்டி வரைக்கும் தண்ணி. கார்பெட்டைக் காய வச்சான், அடித்தகட்டைப் பார்க்கல. நீ கார்பெட்டைத் தூக்கிப் பாரு. ரோடு தெரிஞ்சா நல்ல காத்தோட்டம்னு சந்தோசப்படாதே. அந்தத் தகட்டுலதான் சீட்டு நிக்குது. முதல்ல வெல்டிங், அப்புறம்தான் மத்ததெல்லாம்.

வொர்க்‌ஷாப்பு தேடறதுல நான் அனுபவசாலி. ஒரு தடவை, ஊர் பேர் வேணாம், என் வண்டியில டக் டக்னு சத்தம் வருதுன்னு ஒரு போமேன்கிட்ட விட்டேன். அப்சார்பர்ன்னான், மாத்தினேன். சத்தம் போகல. லோவர் ஆர்ம்ன்னான், மாத்தினேன். சத்தம் போகல. டிரைவ் ஷாஃப்ட்டுன்னான். மூணு மாசம் கழிச்சு உங்கத்தைதான் கண்டுபிடிச்சா. பின்னால சாமான் வைக்கற பூட்டுக்குள்ள ஒரு பழைய மங்கு உருண்டுக்கிட்டு இருந்துச்சு. அதுலேருந்து ஒரு பழக்கம் வச்சிருக்கேன். கழட்டின சாமானை எல்லாம் என் கையில கொடுன்னு கேட்டு வாங்கிக்குவேன். கொடுக்கறவன்கிட்ட மறுபடியும் போவேன். "அதையெல்லாம் எதுக்குண்ணே"ன்னு சிரிக்கறவன்கிட்ட போகமாட்டேன். நீயும் ஒரு நோட்டு வச்சு, என்ன மாத்தினே, எத்தனை கிலோமீட்டர்ல மாத்தினேன்னு எழுது. போன்ல வேணாம். போன் காருக்கு முன்னாலயே செத்துரும்.

காகிதத்துல உனக்கு யோகம்தான். ஆயிரத்து முந்நூறு சிசிக்கு ரோட்டேக்ஸ் வருசத்துக்கு 70 வெள்ளி. இன்சூரன்ஸ்காரன் இந்த வயசு வண்டின்னா பெரும்பாலும் தர்ட் பார்ட்டிதான் தருவான். நீ இடிச்சா எதிராளிக்குக் கிடைக்கும், உனக்கு ஆறுதல் கிடைக்கும். கார் உங்கப்பன் பேர்லதானே இன்னும் இருக்கு? செத்தவன் பேர்ல ரோட்ல ஓட்டாதே. அவனுக்கு சம்மன் அனுப்பினா எந்த அட்ரஸுக்கு அனுப்புவாங்க? பேர் மாத்து, அதுக்கு இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. அங்க உன் ரிம்மைப் பார்க்க மாட்டான், பிரேக்கைத்தான் பார்ப்பான். அரசாங்கத்துல எனக்குப் பிடிச்ச ஆளு அவன் ஒருத்தன்தான்.

இந்தப் பழசுங்களை ரோட்லேருந்து விரட்டணும்னு பெரியவங்க பார்க்காம இல்ல. 2009ல பத்து வயசு தாண்டின வண்டியைக் கொடுத்துட்டுப் புது புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கினா ஐயாயிரம் வெள்ளின்னாங்க. அதே வருசம் அக்டோபர்ல, பதினஞ்சு வயசு வண்டிக்கு ரோட்டேக்ஸ் எடுக்கறப்போ கட்டாயம் சோதனைன்னாங்க. நாடே கத்துச்சு. அந்தப் பேச்சு தேய்ஞ்சு, கொஞ்ச நாள்ல வாபஸ் வாங்கிட்டாங்க. ஏன்னு நினைக்கறே? பழைய கார் ஓட்டறவனுக்கும் ஓட்டு ஒண்ணுதானே. ஆனா அந்தச் சோதனை வந்திருந்தா தேவலைன்னு எனக்கு இப்போ தோணுது. அரசாங்கம் விட்டுருச்சு, அதனால நீயே உனக்கு இன்ஸ்பெக்டர்.

ஒண்ணு மட்டும் விளையாட்டு இல்லாம சொல்றேன். அந்த வண்டியில ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. பின் சக்கரத்துல டிரம் பிரேக்கு. பம்ப்பு, ஹோஸ், பிரேக் எண்ணெய் எல்லாம் புதுசாகற வரைக்கும் வீட்டு வாசலைத் தாண்டாதே. ஹைவேயில 110 வரைக்கும் போகலாம்னு போர்டு இருக்கு, அது உனக்குச் சொன்னது இல்ல. பெண்டாங்லேருந்து அலோர் ஸ்டாருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம், பழைய ரோட்லயே போ. நெல்லு லோரி பின்னால நிதானமா போ. பத்து நிமிசம் முன்னால கிளம்பு. மழை நாள்ல எங்கக்காவை ஏத்தாதே.

சரி, சாமானுக்கு எங்க போறது? அதுதானே கேக்க வந்தே, கேளேன். சுங்கை பட்டாணி வேணாம், பெட்ரோல் செலவு. பட்டர்வொர்த்து போனா பழைய சாமான் விக்கற பொத்தோங் கடையில உன் மூஞ்சியைப் பார்த்தே விலை ஏத்துவான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

என் வீட்டுப் பின்னால, ரம்புத்தான் மரத்துக்கு அடியில கேன்வாஸ் போட்டு மூடி வச்சிருக்கேனே, பார்த்திருக்கியா? அதுவும் சாகாதான். நானும் 1991ல வாங்கினேன், உங்கப்பன் வாங்கின மூணாம் மாசம், அவன் மட்டும் ஓட்டறதான்னு. ரேடியேட்டர் மாத்தி ஒரு வருசம்கூட ஓடல. நாலு கதவும் துருப்பிடிக்கல, கண்ணாடி சுத்தற பிடி நாலும் இருக்கு. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர், ஜாக்கி, சந்தனம் படிஞ்ச கண்ணாடி. எல்லாம் சேர்த்து எண்ணூறு வெள்ளி. மச்சான் மகன்னு எழுநூத்தம்பது. ரப்பர் சாமான் எதையும் என்கிட்ட வாங்காதே, அதை மட்டும் புதுசா வாங்கு. கேன்வாஸைத் தூக்கறதுக்கு முன்னால குரல் கொடு, நாய் குட்டி போட்டிருக்கு.